பாத்திரத்தைப் படித்துவிட்டுத் துணி வெட்டுவது எப்படி: காஸ்பிளே உடைக்கு முழுமையான வழிகாட்டி

கதைப் பாத்திரம் ஒன்றைப் போல உடுத்திக்கொண்டு ரசிகர் நிகழ்ச்சிகளுக்குப் போவதுதான் காஸ்பிளே. அதற்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைப் போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அதை அப்படியே துணியில் இறக்கப் பார்க்கிறார்கள். நிறம் பொருந்தும், பட்டன் எண்ணிக்கைகூடப் பொருந்தும். ஆனால் போட்டுக்கொண்டு நின்றால் வாடகைக்கு எடுத்த உடுப்பு மாதிரி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் நடந்தான், உட்கார்ந்தான், சண்டை போட்டான் என்பதற்கான தடயமே அதில் இருக்காது.

அந்தத் தடயங்களை எந்த வரிசையில் தேடுவது, ஒவ்வொன்றையும் துணியில் எங்கே கொண்டுவருவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அடிப்படைத் தையல் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வரிசை முக்கியம். லைனிங் (உள்துணி) நிறம், மூடும் விதம், தோளின் அளவு இவையெல்லாம் வெட்டும் முன்பே முடிவாக வேண்டியவை. பிறகு நினைத்துக்கொண்டால் பிரித்துத்தான் தைக்கவேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

அளவு நாடா, பேட்டர்ன் வரைய பெரிய தாள், மாதிரி தைக்கப் பழைய படுக்கை விரிப்பு, தையல் சாக், ஒரு நோட்டு, கேமரா உள்ள போன். இவை எல்லோரிடமும் இருக்கும்.

பலர் மறப்பது காலணி, விக், உள்ளாடை ஆகிய மூன்றையும். இவை முதலில் வரவேண்டும். ஐந்து சென்டிமீட்டர் குதிகால் உள்ள பூட்ஸ் போட்டால் அங்கியின் உயரம் மாறும், இடுப்பின் சாய்வும் மாறும். அடர்த்தியான விக் தலையின் சுற்றளவைக் கூட்டுவதால் தொப்பியும் ஹெல்மெட்டும் உள்ளே போகாது, உயரமான காலர் பின்கழுத்தில் இடிக்கும். தோளுக்கோ வயிற்றுக்கோ பஞ்சு வைத்து உருவத்தை மாற்றுவதாக இருந்தால் அதைக் கட்டிக்கொண்டுதான் அளவு எடுக்கவேண்டும். வெறும் உடம்பில் எடுத்த அளவு உங்களுடைய அளவு. தைக்கப்போவது பாத்திரத்துக்கு.

1. எந்தக் கட்டத்துப் பாத்திரம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே பாத்திரம் கதையின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் முடிவில் வேறு மாதிரியும் உடுத்தும். எந்தக் காட்சி என்று பிடித்துக்கொள்ளாமல் தொடங்கினால், முதல் பாகத்துச் சட்டைக்கு மூன்றாம் பாகத்துப் பெல்ட் வந்து சேரும்.

ஸ்டார் வார்ஸ் படங்களின் நாயகன் லூக் நல்ல உதாரணம். 1977 படத்தில் வெளிர் நிறத்தில் தளர்வான மேலாடை. 1983 படத்தில் கழுத்துவரை மூடிய கறுப்பு உடை. அந்தக் கறுப்பு உடையின் மார்புப் பக்க மடிப்பு கடைசிக் காட்சிகளில் திறந்து விழும்போது உள்ளே வெளிர் நிறம் தெரியும். இவன் நன்மையின் பக்கம் சாய்வானா, தீமையின் பக்கம் சாய்வானா என்று படம் முழுக்கக் கேட்ட கேள்விக்கு ஒரு துண்டு லைனிங் பதில் சொல்லிவிடுகிறது.

இதை முழுக்கக் கறுப்பாகத் தைத்தால் தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மடிப்பைத் திறந்து காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. எந்தக் காட்சி என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒரு வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்: “கடைசி மோதலுக்குப் பிறகு”, “ஊரைவிட்டுக் கிளம்பும் நாள்”, “பதவி ஏற்ற புதிதில்”. பிறகு வரும் எல்லாச் சந்தேகத்துக்கும் அந்த வரியிடம்தான் போய் நிற்கப்போகிறீர்கள்.

2. படம் சேருங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்

முன், பின், இரு பக்கம், உட்கார்ந்தது, ஓடுவது என எல்லாக் கோணத்திலும் மூலத்திலிருந்தே எடுங்கள். ரசிகர்கள் வரைந்த ஓவியத்தை ஆதாரமாக வைக்காதீர்கள். அவர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் சேர்த்திருப்பார்கள், புரியாததை விட்டிருப்பார்கள்.

இணையத்தில் கிடைக்கும் படங்களில் இடவலம் புரட்டியவையும் உண்டு. படத்தில் எழுத்து இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் வாள் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பாருங்கள். நீள வாள் வைத்திருக்கும் வலதுகைக்காரன் அதை இடது இடுப்பில்தான் மாட்டுவான், அப்போதுதான் உருவ வரும்.

அப்புறம் நோட்டில் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்:

- இந்த உடையைத் தேர்ந்தெடுத்தது யார்? தானே வாங்கியதா, சீருடையா, இறந்தவர் விட்டுப்போனதா?
- இதை அணிய இன்னொருவர் உதவி வேண்டுமா?
- எந்தக் கை அதிகம் வேலை செய்கிறது? அந்தக் கையில் என்ன இருக்கும்?
- எவ்வளவு காலமாக இதே உடை? நடுவில் துவைத்தாரா, தைத்தாரா?
- உடையில் வசதிக்கு எதிராக இருப்பது எது? அதை ஏன் சகித்துக்கொள்கிறார்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வெயிலில் கையுறை, ஓடவேண்டியவள் காலில் இறுக்கமான பாவாடை, போர்வீரன் கழுத்தில் மெல்லிய சங்கிலி என்று பொருந்தாத ஒன்று இருக்கும். பெரும்பாலும் பாத்திரத்தின் ரகசியம் அங்கேதான் இருக்கும். மூலக்கதை விடை சொல்லாத இடத்தில் நீங்களே ஒரு விடை வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. விடையே இல்லாமல் தைப்பதுதான் சிக்கல், ஏனென்றால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் ஏதோ ஒரு முடிவை எடுத்தே ஆகவேண்டும்.

3. நிழலுருவத்தைச் சரிபாருங்கள்

மூலப் படத்தை எடுத்து, உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்புங்கள். முகம், நிறம், பூவேலை எல்லாம் மறைந்துவிடும். எஞ்சிய கறுப்பு வடிவத்தை வைத்துப் பாத்திரத்தை அடையாளம் காண முடிகிறதா? எந்த இடம் அதைக் காட்டிக்கொடுக்கிறது? அகன்ற தோளா, கூம்பிய பாவாடையா, ஒரு பக்கம் மட்டும் தொங்கும் மேலங்கியா?

உங்கள் நேரத்தில் பெரும்பங்கு அந்த இடத்துக்குப் போகட்டும். கூட்டமான அரங்கில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தெரிவது இது ஒன்றுதான். அங்கியின் ஓரத்து எம்பிராய்டரிக்கு வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, அங்கியைப் பாதித் துணியில் ஒல்லியாக வெட்டியவர்கள் நிறையப் பேர். அதிகாரத்தைக் காட்டும் அங்கி என்றால் துணியைத் தாராளமாக விடுங்கள், ஓர மடிப்புக்குள் மெல்லிய சங்கிலியை ஓட்டிவிடுங்கள். எடை இருந்தால்தான் திரும்பும்போது அங்கி சற்றுத் தாமதித்து வீசும்.

4. விட்டுக்கொடுக்கக் கூடாத மூன்றைக் குறியுங்கள்

நேரமும் துணியும் எப்போதும் பற்றாது. அதனால் எது போனாலும் இது போகக்கூடாது என்று மூன்றே மூன்றை இப்போதே எழுதிவையுங்கள். அவை பெரிய பொருளாக இருக்கவேண்டும் என்றில்லை.

ஜப்பானிய நிஞ்ஜா கதையான நருட்டோவில் இட்டாச்சி என்பவனின் நெற்றிப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் சின்னத்துக்குக் குறுக்கே ஒரு கீறல், அவ்வளவுதான். ஊரைவிட்டு விலகியவன் என்பதை அந்தக் கோடு சொல்கிறது. அங்கி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கீறல் இல்லாத பட்டை வேறு ஆளுடையது. அந்தக் கீறலைக் கறுப்புப் பேனாவால் வரைகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். அது கோபமோ முடிவோ இருந்த ஒரு கை உலோகத்தில் அழுத்திப் போட்ட கோடு. தகட்டில் கூர்மையான கருவியால் ஒரே இழுப்பில் இழுங்கள். தொடங்கும் இடத்தில் ஆழமாகவும் முடியும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். ஃபோமில் (கவசம் செய்யப் பயன்படும் மெத்தென்ற தாள்) செய்தால் கத்தியால் கீறிவிட்டு அதற்குப் பிறகு ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டுங்கள். சூட்டில் வெட்டு வாய் பிளந்துகொள்ளும். முதலில் சூடு காட்டிப் பிறகு கீறினால் அந்தப் பிளவு கிடைக்காது.

கடற்கொள்ளையர் கதையான ஒன் பீஸில் நாயகன் லஃபியின் வைக்கோல் தொப்பி இன்னொரு வகை. சிறுவயதில் அவன் வியந்த ஷாங்க்ஸ் தந்தது, பிறகு சண்டையில் சேதமானது, கப்பல் தோழி நாமி தைத்துக் கொடுத்தது. சேதத்துக்குப் பிந்தைய லஃபியைச் செய்கிறவர் அந்தத் தையலைக் கையாலேயே போட்டால் தொப்பிக்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். பொதுவாகவே ஒட்டுப்போட்ட இடம் ஒன்று இருந்தால், யார் ஒட்டியது என்று முடிவு செய்துவிட்டுத் தையுங்கள். தையல் தெரிந்தவர் போட்டது நெருக்கமாக, நூல் நிறம் பொருந்தி இருக்கும். காட்டில் தனியாக இருந்த வீரன் போட்டது கிடைத்த நூலில், பெரிய பெரிய தையலாக, துணியைச் சுருக்கி இழுத்திருக்கும்.

5. துணியைத் தேர்ந்தெடுங்கள்

நிறத்தைப் பார்த்து வாங்குவதுதான் புதியவர்களின் பழக்கம். முதலில் பார்க்கவேண்டியது துணி எப்படி விழுகிறது, எப்படி அசைகிறது, ஒளியை என்ன செய்கிறது என்பவற்றை. ஒரு மீட்டர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். கனத்த கம்பளி உங்களுக்குப் பின்னால் நிதானமாக வரும், மெல்லிய சாட்டின் முன்னாடியே பறந்துவிடும். அவசரப்படாத பாத்திரத்துக்குப் படபடக்கும் துணி ஒட்டவே ஒட்டாது.

ஓவியத்தில் தட்டையாக ஒரே நிறத்தில் இருப்பதை அப்படியே ஒரே துணியில் செய்தால் கண்ணுக்குச் சோர்வாக இருக்கும். முழுக் கறுப்பு உடை என்றால் இன்னும் மோசம். புகைப்படத்தில் ஒரு கறுப்புப் பொட்டலம்தான் தெரியும். மங்கலான பருத்தி, ஒளியை விழுங்கும் வெல்வெட், மினுங்கும் தோல் மூன்றையும் கலந்தால் அதே கறுப்பு மூன்று அடுக்காகப் பிரியும். எந்த அடுக்கு மினுங்கவேண்டும் என்பதைப் பாத்திரம் தீர்மானிக்கட்டும்: பிறர் பார்க்கவேண்டும் என்று நினைத்து அணிந்தது மினுங்கும், வேலைக்காக அணிந்தது மினுங்காது.

சிறு துண்டுகளாக வாங்கி, அருகருகே வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரத்திலிருந்து உடையின் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று அர்த்தம். ஒன்றை இருட்டாக்குங்கள் அல்லது வெளிறச் செய்யுங்கள்.

நாரையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் சாயம் போடப்போகிறீர்கள் என்றால் பருத்தி ஏற்கும். பாலியஸ்டர் சாதாரணச் சாயத்தை ஏற்காது, அதற்கென்று உள்ள சாயமும் நல்ல கொதியும் வேண்டும். வாங்கியதும் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். சுருங்கவேண்டியது வெட்டும் முன்பே சுருங்கட்டும்.

6. மாதிரி தையுங்கள், அதில் நடியுங்கள்

பழைய விரிப்பில் முழு உடையையும் ஒருமுறை தைத்துப் பார்க்காமல் நல்ல துணியில் கத்தரி வைக்காதீர்கள். தையலுக்கு 1.5 சென்டிமீட்டர் விடுங்கள், பிரித்துச் சரிசெய்ய இடம் கிடைக்கும்.

மாதிரியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பாத்திரம் நிமிர்ந்து நிற்கிற ஆளா? கூன் போட்டு நிற்பவனுக்குப் பின்பக்க நீளம் கூடுதலாக வேண்டும், முன்பக்கம் துணி தொய்யும். வில் இழுப்பவளுக்கு முதுகின் குறுக்கே இடம் வேண்டும். அதனால் பாத்திரத்தின் அடையாள அசைவு எதுவோ அதைச் செய்துபாருங்கள், உட்காருங்கள், குந்துங்கள், கையை மேலே தூக்குங்கள்.

கை தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே எழும்புகிறதா? பெரும்பாலோர் உடனே ஆர்ம்ஹோலை (கை பொருத்தும் துளை) கீழே இறக்கி அகலமாக்குவார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஆர்ம்ஹோல் கீழே போகப்போக, கை அசையும்போது உடம்புப் பகுதி முழுவதும் இழுபடும். அக்குளுக்கு நெருக்கமாக மேலே ஏற்றுங்கள். இல்லையென்றால் அங்கே சதுரமாக ஒரு துண்டு கூட்டுங்கள்.

உடை உடம்பில் எப்படிப் பொருந்துகிறது என்பதிலேயே பாத்திரம் தெரியும். அப்பாவின் கோட்டைப் போட்டிருக்கும் பையன் என்றால் இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படி வாங்கினால் எல்லா இடமும் ஒரேயடியாகத் தொளதொளத்து, தையல்காரர் அளவைத் தவறவிட்ட மாதிரி இருக்கும். கழுத்தை மட்டும் உங்கள் அளவுக்கு வைத்துக்கொண்டு, தோள் தையலை மூன்று நான்கு சென்டிமீட்டர் வெளியே தள்ளுங்கள், கையை நீளமாக வெட்டி மடித்துவிடுங்கள். உள்மடிப்பில் வெளிறாத பழைய நிறம் தெரியும்படி செய்தால், அந்தக் கோட்டுக்கு முன்பு வேறொரு சொந்தக்காரர் இருந்தார் என்பதும் தெரியும். எதிர்ப்பக்கத்தில், பதவிக்காக ஆசைப்படுகிறவனின் சீருடை துளி சுருக்கம் இல்லாமல் இருக்கவேண்டும். அங்கே விறைப்புக்காக உள்ளே கேன்வாஸ் துணி வைக்கவும் இஸ்திரி போடவும் சோம்பல்பட்டால் பாத்திரமே மாறிவிடும்.

7. எப்படி மூடுகிறது என்று முடிவு செய்யுங்கள்

முதுகில் நாடா கோத்துக் கட்டும் மேலாடையை அணிய இன்னொருவர் வேண்டும். அப்படியானால் அவளுக்குப் பணிப்பெண்ணோ சகோதரியோ இருக்கிறாள், அவசரமாகத் தப்பியோடவேண்டிய நிலை வந்ததில்லை. முன்பக்கம் கட்டுகிறவள் தானே உடுத்திக்கொள்கிறவள். ஓடிப்போன இளவரசிக்கு முதுகுக் கட்டு வைத்துவிட்டால், அவள் காட்டில் தினமும் யாரைக் கூப்பிட்டாள் என்ற கேள்வி வரும்.

இப்போது நாம் பயன்படுத்தும் ஜிப்புக்கு அடிப்படையான வடிவம் 1913-ல் கிடியன் சுண்ட்பேக் என்பவர் உருவாக்கியது. அரசர் காலத்துக் கதைக்கு வெளியே தெரியும் ஜிப் உறுத்தும். அதற்காக நீங்கள் அரங்கில் அரைமணி நேரம் நாடா அவிழ்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது, கழிப்பறைக்குப் போகவேண்டுமே! பக்கவாட்டுத் தையலில் மறைவாக ஜிப் வைத்து, வெளியே தெரியும் நாடாவை வெறும் தோற்றத்துக்கு வையுங்கள்.

8. பழசாக்குங்கள்

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். உடை முடிந்ததும் பழுப்புப் பெயின்ட்டை எடுத்து எல்லா இடத்திலும் சமமாகத் தெளித்துவிடுகிறார்கள். அழுக்கு அப்படிப் படியாது. சேறு கீழிருந்து ஏறும், வியர்வை மேலிருந்து இறங்கும், வெயில் தோளை வெளுக்கும், உரசல் முனைகளைத் தின்னும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், ஒரு திசை உண்டு.

எங்கே தேயும் என்று ஊகிக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உடையைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையிலும் விரல்களிலும் தையல் சாக் பொடியைத் தடவிக்கொள்ளுங்கள். கறுப்புத் துணிக்கு வெள்ளை, வெள்ளைத் துணிக்கு நீலம். பிறகு பத்து நிமிடம் பாத்திரமாக நடமாடுங்கள்: வாளை உருவுங்கள், பையைத் திறங்கள், முழங்காலில் கை ஊன்றி எழுங்கள், முகத்தைத் துடையுங்கள். கழற்றிப் பார்த்தால் பொடி படிந்த இடங்கள் ஒரு வரைபடம் மாதிரி தெரியும். பைவாயின் ஒரு ஓரம், வாள் பக்கத்து இடுப்பு, வலது மணிக்கட்டு. உடனே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பொடியைத் தட்டிவிடுங்கள்.

செய்யும் வரிசை இது:

முதலில் தேய்மானம். உப்புத்தாளோ கம்பித் தூரிகையோ கொண்டு அந்த இடங்களில் மட்டும் தேயுங்கள். இழை மெலிந்த இடத்தில்தான் பிறகு வரும் சாயம் நன்றாகப் பிடிக்கும், அதனால்தான் இது முதலில்.

அடுத்தது வெளுப்பு. தோளின் மேற்புறம், தொப்பியின் உச்சி, முழங்கால். குளோரின் பிளீச் பருத்திக்கு மட்டும்தான். கம்பளியையும் பட்டுத்துணியையும் அது அரித்துவிடும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வினிகர், அமோனியா போன்ற எதையும் அதோடு கலக்காதீர்கள், நச்சுவாயு வரும்.

மூன்றாவது அழுக்கு. நீர்க்கக் கரைத்த அக்ரிலிக் பெயின்ட், ஓரத்தை முதலில் நனைத்துவிட்டுப் பூசினால் மேலே ஏறி மேடுபள்ளமாக நிற்கும். நேர்க்கோடாக நின்றால் நம்பும்படி இருக்காது. தரையில் இழுபடும் அங்கிக்குப் பின்பக்கம் அதிகம், முன்பக்கம் குறைவு.

ரத்தம், புதுச் சேறு மாதிரி அந்தக் காட்சிக்கு மட்டும் உரியவை கடைசி. எந்தப் படியையும் உடையில் செய்யும் முன் அதே துணியின் வெட்டுத் துண்டில் செய்துபார்த்துவிடுங்கள்.

கவசத்துக்கும் இதே கணக்குதான். முன்வரிசையில் நிற்பவனுக்கு எதிரியை நோக்கிய பக்கத்தில் அடி விழுந்திருக்கும். பின்னால் குதிரைமேல் நின்று கட்டளையிடும் தளபதியின் மார்புக் கவசம் பளபளக்கும், உரசல் எல்லாம் வார் இழுபடும் இடங்களில் மட்டும் இருக்கும். வெள்ளிப் பெயின்ட்டை உலர்ந்த தூரிகையால் எல்லா ஓரங்களிலும் ஒரே மாதிரி இழுப்பது இணைய வீடியோக்கள் பழக்கிவிட்ட வழக்கம். மூன்று ஓரங்களில் போட்டு மீதியை விட்டுவிடுங்கள். ஃபோமைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், சூடு காட்டும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

எதுவரை போகலாம்? பாத்திரம் தன் உடையைப் பராமரிக்கிறவரா என்று நோட்டில் பாருங்கள். ஒழுங்கான படைவீரன் அழுக்கானாலும் பெல்ட்டைத் துடைத்திருப்பான், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டிருப்பான். அழுக்கு உடையில் அந்த ஒரு சுத்தமான பெல்ட் தெரிந்தால் ஆள் புரிந்துவிடும்.

9. முழு உடையில் ஓர் ஒத்திகை

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பாவது காலணி முதல் விக் வரை எல்லாம் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் இருங்கள். படி ஏறுங்கள், கதவு வழியாக நுழையுங்கள், தண்ணீர் குடியுங்கள். கழன்றுவிழுவது எதுவென்று இப்போது தெரியட்டும்.

பிறகு நண்பர் ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சும்மா நிற்கும் படம் ஒன்று, அடையாள அசைவில் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று. அந்தக் கதையே தெரியாதவரிடம் படங்களைக் காட்டி, இந்த ஆள் என்ன வேலை செய்கிறான், பணக்காரனா, யாரையாவது இழந்திருக்கிறானா என்று கேளுங்கள். பெயரை ஊகிக்கச் சொல்லவேண்டாம். அவர் சொல்வது நோட்டில் உள்ளதற்கு நேர்மாறாக இருந்தால், எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். தேவைப்பட்டால் எடுத்துவிடுங்கள், அது எளிது.

நிகழ்ச்சி முடிந்ததும் உடையைத் துவைக்கப் போடாதீர்கள். பூசிய அழுக்கில் பாதி போய்விடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காற்றாட விடுங்கள், அக்குள் பகுதியை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். ஃபோம் கவசத்தை வெயிலிலோ பூட்டிய வண்டிக்குள்ளோ வைக்காதீர்கள். சூட்டில் வளைந்துபோகும், ஒட்டிய இடங்களும் விட்டுப்போகும்.